மேட்டில் மிதித்த சேறு

வந்தவளின் கையில் சுருட்டிய வரைபடம் இருந்தது. துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

"என் பொண்ணு அந்தக் கிடங்குலதான் இருக்கா சார். காலையில தரை விரிசல் விட்டிருக்கு. ஆனா என் படம் அங்க பயமில்லைங்குது. யாரோ படத்தை மாத்திட்டாங்க."

அவள் வரைபடம் தயாரிப்பவள். பழைய சுரங்கத்தின் மேலிருந்த குடியிருப்பில் நிலம் எங்கே உள்வாங்குகிறது என்று பார்க்க, நில அளவையாளனான அவள் அண்ணன் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருநூறு இடங்களில் உயரம் அளந்தான். எண்களை இவள் கணினியில் ஏற்றினாள். இடைவெளிகளை மென்பொருளே கணித்துச் சமஉயரக் கோடுகளை வளைத்தது. பள்ளம் தென்கிழக்கு மூலையில் விழுந்தது. அங்கிருந்த குடும்பங்களை, இவளுடையதும் சேர்த்து, வடமேற்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். படத்தில் அது நல்ல மேடு.

விரிசலைச் சொன்னதற்கு, இடமாற்றத்தை நடத்திய பொறியாளர் படத்தைத் தட்டிக் காட்டி அனுப்பிவிட்டாராம். தென்கிழக்கில் சாலை போட இடம் தேடியவரும் அவர்தான். அண்ணனும் உடந்தையோ என்று அவளுக்குச் சந்தேகம். அவள் கணவனை அவன் ஒரு சொல் சொல்லிவிட்டதால் மூன்று மாதமாகப் பேச்சில்லை.

அலுவலகம் மூலம் அவளுக்கு வந்திருந்த அண்ணனின் அளவைப் புத்தகத்தையும் அவளுடைய கணினிப் பட்டியலையும் துப்பறிவாளர் அருகருகே வைத்து ஒத்துப் பார்த்தார். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

அதற்குள் அவருடைய மைத்துனர் கிடங்குக்கே போய்த் திரும்பிவிட்டார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வீட்டில் அவருக்குப் பெயரே முந்திரிக்கொட்டை. "பொறியாளர்தான் அத்தான், சந்தேகமே வேண்டாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். துப்பறிவாளர் அவருடைய செருப்பைப் பார்த்தார்.

"இந்தச் சேறு எங்க மிதிச்ச?"

"கிடங்கு வாசல்லதான். சுத்தியிருக்கிற தண்ணியெல்லாம் அங்க வந்துதான் நிக்குது."

துப்பறிவாளர் எழுந்துவிட்டார். அவருக்கும் பயம் வரும் என்பதை மைத்துனர் அன்றுதான் கண்டார்.

"மேட்டுல தண்ணி எப்படிம்மா நிக்கும்? போன் போடு. எல்லாரும் உடனே வெளிய வரட்டும்."

கிடங்கிலிருந்த கணவன் போனை எடுக்கவில்லை. காரில் போன பத்து நிமிடமும் அவள் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டே இருந்தாள். அங்கே போய், தடுத்த பொறியாளரை ஒதுக்கி, ஒவ்வொருவராக வெளியே இழுத்தார்கள். கணவனோடு கடைசியாக வந்த மகளை அவள் வாரி எடுத்துக்கொண்டாள். செய்தி கேட்டு அண்ணனும் ஓடி வந்திருந்தான்.

துப்பறிவாளர் அவனிடம் கேட்டார். "தம்பி, ஒரு இடத்தைக் குறிக்கப் புத்தகத்துல முதல்ல எதை எழுதுவீங்க?"

"தென்மேற்கு முனையிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம்னு. அப்புறம் கிழக்கு. எங்க வழக்கம் அது."

"உன் மென்பொருள்ல முதல்ல எதும்மா?"

அவள் படத்தை விரித்தாள். "கிழக்குதான் முதல்ல."

துப்பறிவாளர் சதுரமான படத்தைத் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு முனைவரை குறுக்காக மடித்தார். தென்கிழக்குப் பள்ளம் கிடங்கின் மேல் வந்து படிந்தது. வடக்குத் தூரத்தைக் கணினி கிழக்காகவும், கிழக்கை வடக்காகவும் எடுத்துக்கொண்டிருந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை, வரிசையை மாற்றாமல் விட்டதுதான் தப்பு என்றார் அவர்.

அண்ணன் தலை குனிந்தான். "எப்பவும் அவளுக்காக நானே மாத்தி எழுதித் தருவேன். இந்தத் தடவை ஆபீஸ் மூலமா அப்படியே போயிடுச்சு. சொல்லத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், அவ எடுக்கல. ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். வீம்பு."

அந்த இரண்டு அழைப்புகளும் அவளுக்கு நினைவிருந்தன. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்து வைத்தாள்.

அப்போது கிடங்குக்குள் ஏதோ முறிந்தது. தரை மெதுவாக, பாய்களோடும் பாத்திரங்களோடும் உள்ளே இறங்கியது. புழுதி வாசல்வரை வந்தது.

மகளை அணைத்தபடியே அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மூன்று மாதத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.