சத்தம் வெளியே போகாத அறை

கைதட்டினால் அறை பதில் சொல்லும். எந்த வீட்டுக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனாலும் ஏசுபாதம் முதலில் செய்வது அதுதான். அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. வெறும் சுவராக இருந்தால் சத்தம் சிதறித் திரும்பி வரும். மெத்தை, திரைச்சீலை என்று ஏதாவது இருந்தால் தட்டிய இடத்திலேயே செத்துவிடும். சிட்லபாக்கத்தில் ஸ்ரீநிவாசராகவன் வீட்டுப் பின்னறையில் நான்கு சுவரிலும் கம்பளம் ஒட்டியிருந்தது. கூரையில் தெர்மகோல், தரையில் கால் புதையும் விரிப்பு. ஏசுபாதம் தட்டினான். சத்தம் செத்தது. செத்து, ஒருவர் மூச்சு விடும் நேரம் கழித்து, இன்னொரு தட்டு கேட்டது. மெதுவாக. உள்ளங்கை இரண்டும் சரியாகச் சேராத, பலமில்லாத தட்டு.

திரும்பிப் பார்த்தான். அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன.

தூக்கமில்லாத காது இப்படித்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான். அனகாபுத்தூரில் மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாளாக மைக் செட் போட்டுவிட்டு அன்று காலையில்தான் வீட்டுக்கு வந்திருந்தான். சட்டையைக்கூட மாற்றவில்லை. "இன்னிக்கு ஒரு நாளாவது படுத்துத் தூங்கேன்" என்று மனைவி ஜெயசீலி சொன்னதற்கு, "நாலு மணிக்கு வந்துர்றேன்" என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டான். முப்பத்தெட்டு வயது. முதுகைக் கேட்டால் அறுபது என்று சொல்லும்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து டிசம்பர். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. ஏரி நிரம்பி, பட்டப்பகலிலும் தவளைகள் கத்தின. அறைக்கு வெளியே இருந்தவரை அது காதில் விழுந்தது. உள்ளே கால் வைத்ததும் கத்தியால் நறுக்கியது போல நின்றுபோனது. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கதவு இரட்டைப் பலகை, விளிம்பெல்லாம் ரப்பர்.

"வெளியில சொட்டு சத்தம் வரப்படாது. வராதே?" என்று ஸ்ரீநிவாசராகவன் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். ஓய்வு பெற்று ஏழெட்டு வருஷம் ஆன மனிதர். வேட்டி, கை வைத்த பனியன். கண்களைச் சுற்றித் தோல் கறுத்துத் தொங்கியது. காலையில் இருந்து அவர் அந்தப் படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

"வராது சார். நீங்களே நல்லா அடைச்சிருக்கீங்க. படம் பார்க்க இவ்ளோ பண்ண வேண்டியதில்ல."

"பையன் அமெரிக்காவுலேர்ந்து அனுப்பிச்சிருக்கான். அம்மா போனப்புறம் தனியா இருக்கேனாம், பொழுது போகணுமாம்." சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். "எனக்கு சினிமா எல்லாம் வேண்டாம், ஏசுபாதம். சத்தமா இருக்கணும். வேற எதுவும் காதுல விழாத அளவுக்கு."

ஏதோ வயசானவர் பேச்சு என்று அவன் தலையாட்டிக்கொண்டான். கூடத்தில் மாலை போட்ட படத்தை வரும்போதே பார்த்திருந்தான். அவர் மனைவி சாவித்ரி மாமி. மார்ச் மாதம் காலமாகிவிட்டாராம்.

வேலையைத் தொடங்கினான். அமெரிக்க ஆம்ப்ளிஃபையருக்கு நம்மூர் கரண்ட் ஆகாது என்பதால் முதலில் டிரான்ஸ்ஃபார்மர். பிறகு முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. சப்வூஃபர் தனியாக, கள்ளிப்பெட்டி அளவுக்குக் கனமாக. அடியதிர்வுச் சத்தத்துக்கென்றே உள்ள பெட்டி அது. கம்பளத்துக்குப் போட்ட பசையின் புது வாசனை தலையை இடித்தது. கொஞ்ச நேரத்தில் அது மூக்குக்குப் பழகிப்போக, அதற்கு அடியில் இருந்த வாசனை மேலே வந்தது. டெட்டால். முகப்பவுடர். அதற்கும் கீழே, ஈரப் பஞ்சும் சீழும் கலந்த ஒரு வாடை. மழைக்காலம், கம்பளம் ஊறியிருக்கும் என்று அவன் நினைத்தான். நினைக்க முடிந்ததே பெரிய காரியமாக இருந்தது. கண் தானாக மூடிக்கொண்டு வந்தது.

ஐந்தையும் இணைத்துவிட்டு ரிமோட்டில் சோதனைச் சத்தத்தைப் போட்டான். ஆம்ப்ளிஃபையர் 'இஸ்ஸ்ஸ்' என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தத்தை அனுப்பும். இடது. நடு. வலது. பின்வலது. பின்னிடது. மறுபடியும் இடது. இரண்டு சுற்று சரியாகப் போனது. மூன்றாவது சுற்றில் பின்னிடதுக்கும் இடதுக்கும் நடுவே இன்னொரு 'இஸ்ஸ்' கேட்டது.

அடைத்த ஜன்னலுக்குக் கீழே இருந்து. முழங்கால் உயரத்தில். அங்கே ஸ்பீக்கரும் இல்லை, கம்பியும் இல்லை.

அவன் சுற்றை மறுபடியும் ஓடவிட்டான். இடது, நடு, வலது, பின்வலது, பின்னிடது. அப்புறம் அது. இயந்திரம் போடும் இரைச்சல் இல்லை. புண்ணைத் துடைக்கும்போது பல்லிடுக்கில் காற்றை இழுப்பார்களே, அந்தச் சத்தம்.

அவன் நிறுத்தினான். வலது காதில் விரலை விட்டுக் குடைந்தான். கம்பிகளை எண்ணினான். ஐந்துதான். மறுபடி போட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை என்பதைவிடத் தெம்பு இல்லை என்பதுதான் உண்மை. சப்வூஃபருக்கு ஒரு இடம் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது, போய்ப் படுக்கலாம்.

அதற்கு ஒரு வழி உண்டு. சப்வூஃபரை ஆள் உட்காரும் நாற்காலியில் தூக்கி வைத்து, ஒரே சீரான அடித்தொனியை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போக வேண்டும். சில மூலைகளில் அந்த அதிர்வு வயிற்றுக்குள் உருளும். சில இடங்களில், ஏனென்றே தெரியாமல், சத்தம் அடியோடு காணாமல் போய்விடும். இரண்டு அடி தள்ளினால் திரும்ப வந்துவிடும். சுவரில் மோதித் திரும்பும் ஒலி எதிரே வரும் ஒலியைத் தின்றுவிடுகிற இடம் அது. எங்கே நன்றாக உருளுகிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும்.

அவன் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்தான். அறையே ஒரு பெரிய வண்டின் வயிறு போல முரன்றது. கதவுப் பக்கம் பரவாயில்லை. மூலை ரொம்பவும் கனம். பின்சுவரோரமாக, தலையைத் தொங்கப்போட்டபடி, பாதித் தூக்கத்தில் ஊர்ந்துபோனவனுக்கு, அடைத்த ஜன்னலுக்குக் கீழே வந்ததும் சத்தம் நின்றது. பழகிய விஷயம்தான். ஒலி செத்த இடம்.

அறையின் சத்தம் இல்லாத அந்த ஒரு இடத்தில், அறையில் வேறு என்ன இருந்ததோ அது கேட்டது.

டிங்.

எவர்சில்வர் டம்ளரில் கரண்டி படும் ஒலி.

டிங். டிங்.

அவசரம் இல்லாமல். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கை சோர்ந்துபோனவர்கள் தட்டுவது போல. பிறகு அவன் காதுக்குப் பக்கத்திலேயே, படுத்திருக்கும் ஒருவரின் வாய் இருக்கக்கூடிய உயரத்தில், ஒரு பெண்குரல். கோபம் இல்லை. அழுகை இல்லை. அசதி. அவனுடைய அசதியைவிடப் பல வருஷம் பழைய அசதி.

"கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்கோளேன்."

எப்படி எழுந்தான், எப்படிக் கூடத்துக்கு வந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. தவளைச் சத்தம் திடீரென்று காதில் கொட்டியது. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஸ்ரீநிவாசராகவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... உள்ள யாரோ இருக்காங்க சார்."

அவர் பயப்படவில்லை. அவர் முகத்தில் வந்தது வேறொன்று. பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றவன் தூரத்தில் அது திரும்புவதைப் பார்க்கும் முகம்.

"உங்களுக்கும் கேட்டுதா?" என்றார். "நெஜமாவே கேட்டுதா? பையன்கிட்ட சொன்னேன், டாக்டரைப் பாருங்கோப்பான்னான்."

ஏசுபாதம் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த ரூம்லதான், நாலு வருஷம் படுத்த படுக்கை," என்றார் அவர். குரல் தரையைப் பார்த்தே வந்தது. "தானா ஒருக்களிக்க முடியாது. ஒரே பக்கமா கெடந்தா புண்ணு. ராத்திரிக்குப் பத்துத் தடவை டம்ளரைத் தட்டுவா, நான் எழுந்து போய்த் திருப்பிப் போடுவேன். நாலு வருஷம், ஏசுபாதம். ஒரு ராத்திரி தட்டினா, நான் எழுந்துக்கலை. முழிச்சுண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு ராத்திரி தூங்கலாம்னு... விடியற வரைக்கும் தட்டினா. அப்புறம் தட்டலை." பனியன் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மறுநாள் ராத்திரிலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சுட்டா. ஒம்பது மாசம். நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கலை."

"நான் கெளம்பறேன் சார்."

"கெளம்புங்கோ. நான் தடுக்கலை."

ஸ்கூட்டர் சாவி பையில் இருந்தது. பை உள்ளே, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில்.

"சார், நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுத்துருங்க சார்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது என்று.

கதவில் இருந்து பைக்கு எட்டு அடி இருக்கும். ஏசுபாதம் முட்டாள் இல்லை. காலி அட்டைப்பெட்டி ஒன்றில் மின்சாரக் கம்பிச் சுருளைப் போட்டுக் கனமாக்கி, கதவு சாத்திக்கொள்ளாதபடி நடுவில் வைத்தான். சிலுவை போட்டுக்கொண்டான். உள்ளே அடித்தொனி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது; விரிப்பு வழியாகப் பாதத்தில் ஏறியது. நாலைந்து தப்படி. பையின் வாரைப் பிடித்தான்.

பின்னால் பெட்டி தரையில் இழுபடும் ஓசை.

திரும்பினான். கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. இடுக்கில் ஸ்ரீநிவாசராகவனின் முகம். கண் கலங்கியிருந்தது.

"கோச்சுக்காதீங்கோ," என்றார். "ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் தூங்கிட்டு வந்துடறேன். அவ கூப்பிட்டா, கொஞ்சம் திருப்பி விட்டுடுங்கோ."

கதவு ரப்பரில் அமுங்கிச் சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்திருக்க வேண்டும். அந்த ஓசை உள்ளே வரவில்லை. கம்பளம் ஒட்டியபோது ஸ்விட்ச் பலகையையும் வெளிச்சுவருக்கு மாற்றியிருந்தார்கள். நோயாளி தூங்கட்டும் என்று அணைக்கிற பழக்கத்தில்தானோ என்னவோ, அவர் விளக்கையும் அணைத்துவிட்டார்.

ஏசுபாதம் கதவை அடித்தான். தோளால் இடித்தான். தொண்டை கிழியக் கத்தினான். கம்பளம் அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டது. அவன் குரல் அவன் வாயை விட்டு ஓரடி தாண்டவில்லை.

ஆம்ப்ளிஃபையரின் பச்சை எண்கள் மட்டும் எரிந்தன. அந்தத் துளி வெளிச்சத்தில் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே போனான். வேறு எதுவும் காதில் விழாத அளவுக்கு. பல் அதிர்ந்தது. விலா அதிர்ந்தது. கூரையில் இருந்து தெர்மகோல் தூள் உதிர்ந்தது. கதவோடு முதுகை ஒட்டிக் குந்தினான். இந்தப் பக்கம் சத்தம் நன்றாக இருந்த பக்கம். செத்த இடம் அங்கே. ஜன்னலுக்குக் கீழே. பத்தடி தள்ளி.

கொஞ்ச நேரம் அப்படியே போனது.

பிறகு கால்விரலில் அதிர்வு நின்றது.

பாதத்தில் நின்றது. முழங்காலில். சப்வூஃபரின் முகம் துடித்துக்கொண்டே இருப்பது பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது. சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனைச் சுற்றி மட்டும் இல்லை.

செத்த இடம் நகர்ந்து வந்திருந்தது.

வயிறு. மார்பு. காது.

அமைதி.

டெட்டால். ஈரப் பஞ்சு.

டிங்.

அவன் மூச்சை அடக்கினான்.

டிங். டிங்.

"கொஞ்சம் திருப்பிப் படுக்க வைங்கோளேன்."

அவன் அசையவில்லை. டம்ளர் தட்டிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷமோ, ஒரு மணியோ. நின்றது, தொடங்கியது. நின்றது. மறுபடி தொடங்கியது. பயம்கூட ஒரு கட்டத்தில் களைத்துப்போனது. இது நின்றால் போதும். நின்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். அந்த ஒரே நினைப்புத்தான் மிச்சம் இருந்தது.

இருட்டில் கையை நீட்டினான்.

தோள் தட்டுப்பட்டது. எலும்பு. மேலே நைந்த துணி. அவனுடைய இன்னொரு கை இடுப்பைத் தேடிப் பிடித்தது. விரல்கள் ஈரத்தில் அமிழ்ந்தன. கனமே இல்லை. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் பக்கமாக இழுத்து, மெல்ல ஒருக்களித்து விட்டான்.

"அப்பாடா" என்றது குரல்.

டம்ளர் நின்றது.

வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. ஏசுபாதம் கண்ணைத் திறந்தான். பச்சை வெளிச்சத்தில், அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, இமைக்காத இரண்டு கண்கள் இருந்தன. ஒன்பது மாதமாகச் சுவரையே பார்த்துக் கிடந்தவள் இப்போது அவனைப் பார்த்துப் படுத்திருந்தாள்.