முனை இல்லாத தூண்டில்

ஏழாவது மீனும் தப்பிவிட்டது!

அல்லியிலைகளின் ஓரத்தில் தவளை போல மிதந்த அவன் மான்முடியால் கொக்கியில் கட்டிய போலிப் பூச்சியை ஒரு பெரிய பாஸ் மீன் ‘களுக்’கென்று உறிஞ்சியதை எமெட் கண்ணாரப் பார்த்தான். சட்டென்று கோலை உயர்த்தினான். பூச்சி மட்டும் பறந்து வந்து அவன் தொப்பியில் மாட்டியது. எங்கே தவறு...?

"தொப்பி நல்ல சைஸ்தான். எடை போட்டுப் பாக்கலாமா?"

அடுத்த படகில் மேவிஸ். அந்த டெக்சஸ் ஏரியின் படகுத்துறைக்காரி. கையில் அவளுடைய தூண்டில் கோல், காலடியில் இரண்டு பாஸ் மீன்கள். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத பழுப்புக் கண்கள்.

"மேடம், மான்டானா ஆத்துல பதினஞ்சு வருஷமா ட்ரவுட் மீன் பிடிக்கிறவன் நான். யாரும் சொல்லித் தர வேணாம். ஒரே ஒரு பாஸ்... பிடிச்ச அன்னிக்கே ஊருக்குக் கெளம்பிடுவேன்."

"சரிங்க மான்டானாக்காரரே. நான் வாயத் தொறக்கல."

திறக்கவும் இல்லை. முதலில் வீம்புக்காக... பிறகு?

அவன் நூல் வீசும் அழகு அப்படி! பின்னால் போன நூல் முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுப்பான். அப்புறம்தான் முன்னே வீசுவான். அந்தப் பொறுமையில் நூல் காற்றில் வளையமாக விரிந்து, பூச்சியை இலையோரம் அலுங்காமல் வைக்கும். மாலையில் துறைக்கு வந்து, அவள் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றபடி, தான் கட்டிய பூச்சிகளை வரிசையாக அடுக்கிக் காட்டுவான். அவளுக்கோ தவிப்பு. 'அவன் தப்பைச் சொல்லிவிடலாம்... சொன்னால் நாளைக்கே போய்விடுவானே!'

ஆறாம் நாள். சைப்ரஸ் மரங்களுக்கிடையே தூறல். மறுபடியும் ஒரு மீன் வந்தது, போனது. நனைந்துபோன அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. படகை ஒட்டி நிறுத்தினாள்.

"குடுங்க அந்தப் பூச்சிய. நான் சொல்றேன்."

"வேணாம் மேடம்..."

பிடுங்கிப் பார்த்தவள் திகைத்தாள். கொக்கியில் முனையே இல்லை. வெட்டுக்குறடால் நறுக்கிய வெட்டு!

"என்னங்க இது?"

அவன் காதுகள் சிவந்தன. "மூணாம் நாளு நீங்க மீன மாட்டுறப்ப உங்க இடது கையப் பாத்தேன். என் தப்பு புரிஞ்சுபோச்சு. அப்புறம்... எங்க பிடிச்சிடுவேனோன்னு பயம். அதான் வெட்டிட்டேன்."

"பைத்தியமா உங்களுக்கு? நான் வேற, சொன்னா போயிடுவீங்கன்னு ஆறு நாளா நாக்கக் கடிச்சுக்கிட்டு..."

ஐயோ... சொல்லிவிட்டாளே!



"நான் போகல, மேவிஸ்," என்றான் அவன். பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல்முறை. "மீன் மாட்டினாலும் சரி, மாட்டலன்னாலும் சரி. உங்கள விட்டுட்டுப் போக முடியாது."

அவள் குனிந்துகொண்டே தன் பூச்சியை அவன் நூலில் முடிந்தாள். முனை உள்ள பூச்சி.

"அப்ப பயமில்லாம பிடிங்க."

வீசினான். தண்ணீர் வெடித்தது.

ட்ரவுட்டுக்குக் கோலைத் தூக்கினால் போதும். பாஸின் வாய் கெட்டி. தூக்கினால் கோல் வில்லாக வளைந்து விசையைத் தானே தின்றுவிடும், பூச்சியும் வாயைவிட்டு வந்துவிடும். எமெட் இம்முறை தூக்கவில்லை. கோல் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தியே வைத்து, இடது கையால் நூலை நேராகப் பின்னுக்கு இழுத்தான்.

மாட்டியது.