காயாத பசை

"பூட்டே இல்லாத கதவுக்கு எதுக்கு சாவி, பாஸ்? தள்ளினா திறக்கும் லா."

"உள்ள மாட்டிக்கிட்டேன்னா?"

"திங்கக்கிழமை கட்டடத்தை உடைக்க வர்றவங்க உங்களையும் லோரில ஏத்திருவாங்க."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள் உஷாராணி. மலேசியாவின் கிள்ளான் நகரில் மூடிக் கிடந்த அந்தத் தியேட்டருக்கு அவள்தான் காவல். செராஸிலிருந்து வந்திருந்த சுகுமாறன், சிரிப்பில் கலந்துகொள்ளாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மழையில் நனைந்த தெரு, தொப்பி நிழலில் பாதி மறைந்த முகம், படியில் திரும்பிப் பார்க்கும் பெண். இப்படிப்பட்ட அந்தக் காலத்து அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களின் போஸ்டர்களை மட்டுமே சேர்ப்பவன் அவன். பதினெட்டு வருடங்களாகக் கைக்கு எட்டாத ஒன்று, பால்கனி ரசிகர்கள் காத்திருந்த இந்தச் சிறிய அறையின் சுவரில் இருந்ததை ஒரு பழைய புகைப்படத்தில் பார்த்திருந்தான். அதன்மேல் இப்போது கட்டைவிரல் தடிமனுக்குக் காகிதம்.

"எல்லாம் இங்க போஸ்டர் ஒட்டுற வேலை பார்த்த மரியநாயகம் அங்கிள் ஒட்டினது. வாரா வாரம் பழசு மேலயே புதுசு. இன்னிக்கு உயிரோட இருந்திருந்தா உங்களைத் தொட விட்டிருக்க மாட்டாரு. சரி, நான் கீழ இருக்கேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

முதல் சில போஸ்டர்களை ஈரப் பஞ்சால் நனைத்து, தட்டைக் கத்தியால் பொறுமையாகவே பிரித்தான். மணி மூன்றைத் தாண்டியதும் பொறுமை போயிற்று. தமிழ்ப் படம், மலாய்ப் படம், இந்திப் படம் எல்லாம் கைநிறையக் கிழிந்து காலடியில் குவிந்தன.

கடைசியில் ஒரு கறுப்பு மூலை தெரிந்தது. தெருவிளக்கு. தொப்பியின் விளிம்பு.

அதுதான்.

விரலை அதன் ஓரத்தில் வைத்தான். விரல் ஒட்டிக்கொண்டது. பசை ஈரமாக இருந்தது. காய்ச்சி இறக்கிய மரவள்ளி மாவின் புளித்த வாடை அறையெங்கும் எழுந்தது.

சளக்.

கதவின் வெளிப்பக்கத்தில், அகலமான தூரிகை ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது.

"அக்கா?"

சளக்.

ஓடிப்போய்த் தள்ளினான். கதவு லேசாக விம்மியது, ஆனால் திறக்கவில்லை. கீழிடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நிதானமாக மறைந்தது. மேலே காற்றுத்துளையின்மீது ஒரு தாள் விரிந்தது. வெயில் மஞ்சளானது. இன்னொரு தாள். மஞ்சள் பழுப்பானது.

மூன்றாவது தாள் விழுந்தபோது அறை இருண்டது.

போனை எடுத்தான். "அக்கா, மேல வாங்க! யாரோ கதவுமேல ஒட்டுறாங்க!"

"இந்தக் கட்டடத்துல நம்ம ரெண்டு பேர்தான் பாஸ்." படியேறும் மூச்சு கேட்டது. பிறகு காலடி நின்றது. "விளையாடாதீங்க. எங்க இருக்கீங்க?"

"உள்ளதான்! கதவைத் திறங்க!"

"கதவையே காணோம் லா. சுவர் முழுக்கப் பழைய போஸ்டர். காஞ்சு கிடக்கு." நகம் சுரண்டும் சத்தம் போனில் மட்டும் கேட்டது. கதவுப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. அவள் குரல் உடைந்தது. "சுரண்டினா உள்ள செங்கல்தான் இருக்கு, பாஸ்..."

இணைப்பு அறுந்தது.

வெளியே தூரிகையும் நின்றுவிட்டது.

சுகுமாறன் கதவில் நெற்றியை முட்டினான். பதினெட்டு வருடத் தேடல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு எதுவும் வேணாம் அங்கிள்," என்று கிசுகிசுத்தான். "அது இங்கயே இருக்கட்டும். என்னைப் போக விடுங்க."

சளக்.

இம்முறை அறைக்குள்.

கழுத்தருகே தொடங்கி இடுப்புவரை, குளிர்ந்த ஈரம் ஒன்று சட்டையின்மேல் இறங்கியது. அதன்மேல் ஒரு பெரிய தாள் மெல்லப் படிந்தது. பழகிய உள்ளங்கை ஒன்று நடுவிலிருந்து ஓரம் நோக்கி அதை நீவிவிட்டது.

காதருகில் ஒரு குரல், கோபமே இல்லாமல் கேட்டது:

"கொஞ்சம் நேரா நில்லுங்க தம்பி. சுருக்கம் விழுது."