வட்டத்துக்குள் ஒரு கல்

திருமானூர் கடைத்தெருவில் கிளமெண்ட் பைக்கை நிறுத்தியபோது மணி இரண்டு. ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியும் ஆடிக்காற்று ஓயவில்லை. டீக்கடைப் பந்தலின் கீற்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இறங்குங்க டீச்சரம்மா. கால் ரெண்டும் இருக்கா, வழியிலயே விழுந்துடுச்சா?"

கணவனின் கேலிக்கு மரிய புஷ்பம் சிரிக்கவில்லை. பெரம்பலூரில் பைக்கில் ஏறியதிலிருந்து அவள் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. பன்னிரண்டு வருடமாகச் சாரணியர் படையும் அவள் பொறுப்புதான். காலாண்டு விடுமுறையில் இருபத்து நான்கு பெண்களை அழைத்துப் போய் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். வழக்கமாகப் போகிற வாலிகண்டபுரத்தில் இந்த 2004-ல் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்தன. "கொள்ளிடக்கரையில பாருங்களேன் டீச்சர், திருமானூர் பக்கம்" என்றார் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை. முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். புஷ்பத்திடம் காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லும்படியான காரணம்தான் இல்லை.

அதனால் ஒரு திட்டத்தோடு வந்திருந்தாள். இடம் பார்ப்பது, நாலு குறை கண்டுபிடிப்பது, திரும்பிப் போய் சரிப்படாது என்று எழுதிக் கொடுத்துவிடுவது.

இந்த முறை மகள் ஷாலினி மேரியும் முகாமுக்கு வருகிறாள். பதினோரு வயது. நேற்றுத் தைத்து வந்த நீலச் சீருடையை இன்னும் கழற்றவில்லை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போதுகூட, "அம்மா, ஆத்துப் பக்கமா நல்ல இடமா பாத்துட்டு வாங்கம்மா" என்றுதான் வழியனுப்பினாள்.

அந்தப் பிள்ளை இந்த ஆற்றில் கால் வைக்கக் கூடாது. அது ஒன்றுதான் புஷ்பத்தின் மனதில் ஓடியது.

டீக்கடைக்காரர் கைகாட்டிவிட்ட வைரக்கண்ணு, ஆற்றங்கரை மாந்தோப்புக்குச் சொந்தக்காரர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் முன்னால் போனார். பைக் பின்னால் போயிற்று. கரும்புக் கொல்லைகளைத் தாண்டி வண்டிப்பாதை வளைந்ததும் புஷ்பத்துக்கு வழி அடையாளம் தெரிந்தது. வேறு தோப்பாக இருக்கக் கூடாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

வேறு தோப்பு இல்லை. அதே தோப்பு.

"அடேயப்பா!" என்றான் கிளமெண்ட். "நிழலைப் பாரு புஷ்பம். அஞ்சு டெண்ட் தாராளமா போடலாம்."

"தண்ணிக்கு என்ன செய்யறது?"

"அடிபம்பு இருக்குதுங்க. தேங்காத் தண்ணி தோத்துப்போவும்" என்றார் வைரக்கண்ணு.

"பாம்பு கீம்பு?"

"நம்மளக் கண்டா அதுதாங்க ஓடும்."

"உன்னைக் கண்டா கண்டிப்பா ஓடும்" என்று கிளமெண்ட் சிரித்தான். அவளுக்கு ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை.

வைரக்கண்ணு ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டார். "ஒம்போது வருசத்துக்கு முன்ன உங்க பக்கத்து எஸ்கூலு ஒண்ணு இங்கதான் வந்து தங்குச்சு. நான் அப்ப திருப்பூர்ல இருந்தேன். ஒரு பொண்ணு எவன் கூடவோ ஓடிப்போச்சுன்னு பேசிக்கிட்டாக. அதோட ஆத்தா முத்தாயின்னு ஒண்ணு, வருசா வருசம் வரும். கரையில உக்காந்து ஒரு பொழுது பூரா ஆத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். 'எம் மவ ஓடிப்போறவ இல்லீங்க'ம்பா. வேற ஒண்ணும் பேசாது."

கிளமெண்டுக்கு அது தன் மனைவி நடத்திய முகாம் என்று தெரியும். ஓடிப்போன பெண் என்று அவள் சொன்னதை அவனும் நம்பியிருந்தான். அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "விடு புஷ்பம், பழங்கதை" என்று மெதுவாகச் சொன்னான்.

"குளிக்கிற துறையைப் பாத்துட்டு வரேன்" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

கொள்ளிடம் ஒரே மணலாகக் கிடந்தது. எதிர்க்கரை ஓரமாக மட்டும் நூல் போலத் தண்ணீர். இந்தப் பக்கம் நாணல். வெயில் கண்ணைக் குத்தியது. நாணலைத் தாண்டி மணலில் இறங்கியதும் காற்று நின்றுபோனது.

வாசனைதான் முதலில் வந்தது. காய்ந்த ஆற்றில் வரக்கூடாத வாசனை. புது வெள்ளத்தின் செம்மண் வாசனை.

காலடியில் ஓர் அம்புக்குறி.

கூழாங்கற்களை அடுக்கிச் செய்திருந்தது. முனை ஆற்றின் நடுவைக் காட்டியது. வேறு பள்ளிப் பிள்ளைகள் யாராவது விளையாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு குனிந்தாள்.

சுற்றிலும் மணல் சுட்டது. கற்கள் மட்டும் ஈரம்.

அவள் திரும்பினாள். வந்த வழியில், தன் செருப்புத் தடத்தின் மேலேயே, இரண்டு கல்வரிசைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருந்தன. பெருக்கல் குறி. இந்த வழி வேண்டாம் என்று அர்த்தம். படையில் சேர்ந்த முதல் வாரமே அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

ஒரு நிமிடத்துக்கு முன் அது அங்கே இல்லை.

தொண்ணூற்றைந்தில் அன்றைக்கும் இதே மணல்தான். கடைசி நாள், தடம் பார்க்கும் விளையாட்டு. புஷ்பமே அடையாளங்களை வைத்திருந்தாள். அம்பு என்றால் இந்த வழி. சதுரத்துக்குள் எண் என்றால் அத்தனை காலடி தள்ளி ஒரு சேதி புதைந்திருக்கிறது. முடிவில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு கல். 'வீட்டுக்குப் போய்விட்டேன்.' வட்டத்தைப் பார்த்த பிறகு யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. அதனால்தான் அதைப் பொறுப்பாசிரியை மட்டும் வைக்க வேண்டும். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை சொல்லவைத்து, கணக்கு சரியாக இருந்தால்தான் வைக்க வேண்டும்.

அன்றைக்கு பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மேற்கே வானம் கறுத்து நின்றது. இரண்டு வயது ஷாலினிக்குக் காய்ச்சல் என்று காலையில் சேதி வந்திருந்தது. புஷ்பம் எண்ணிக்கை எடுக்கவில்லை. எடுக்காமலே வட்டத்தை வைத்தாள்.

தாமரை அணியின் தலைவி புவனேஸ்வரி அப்போது மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் அடையாளம் தேடிக்கொண்டிருந்தாள். அவளைத் தேடிப்போன தோழிகள் வட்டத்தைப் பார்த்தார்கள். புவனா வந்து சேர்ந்துவிட்டாள் என்று நம்பித் திரும்பிவிட்டார்கள். அரியலூரில் பஸ்ஸில் ஓர் இடம் காலியாக இருப்பது தெரிந்து ஓடிவந்தபோது, ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உடல் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி. "அந்த வட்டத்தை யார் வச்சது?"

"புவனாதான் வச்சிருக்கணும்" என்றாள் புஷ்பம்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தானே அடையாளம் வைத்துவிட்டுப் போன பெண் ஓடிப்போன பெண்ணாகிவிட்டாள். மாதாமாதம் முதல் வெள்ளியில் புஷ்பம் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வாள். கோபத்தைச் சொல்வாள், பொறாமையைச் சொல்வாள். இதை மட்டும் ஒன்பது வருடமாகச் சொன்னதில்லை.

இரண்டாவது அம்பு. மூன்றாவது அம்பு. கால்கள் தானாக நடந்தன. கற்களைச் சுற்றி எங்கும் ஒரு காலடித்தடம் இல்லை.

பிறகு ஒரு சதுரம். அதற்குள் ஐந்து கல்.

ஐந்து காலடி நடந்தாள். மணலில் ஓரிடம் மட்டும் ஈரமாகக் குழிந்து, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் மார்பு போல.

முழங்காலிட்டுத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் விரலில் ஒரு கயிறு தட்டுப்பட்டது. இழுத்தாள். அணித்தலைவிகள் கழுத்தில் மாட்டுகிற விசில். களிம்பேறிப் பச்சையாகியிருந்த பித்தளையில், காம்பஸ் முனையால் யாரோ அக்கறையாகக் கீறிய எழுத்து: பு.

கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சும் அவிழவில்லை. கழுத்து மட்டும்தான் இல்லை.

இதைக் கொண்டுபோய் முத்தாயி கையில் கொடுத்தால் போதும். அவர் மகள் ஓடிப்போகவில்லை. இந்த ஆற்றைவிட்டு அவள் போகவே இல்லை. அந்தத் தாய்க்கு ஒரு முடிவு கிடைத்துவிடும்.

பிறகு கேட்பார்கள். அப்படியானால் அந்த வட்டத்தை யார் வைத்தது?

புஷ்பத்துக்கு வேலை ஞாபகம் வந்தது. கிளமெண்டின் முகம் ஞாபகம் வந்தது. நீலச் சீருடையில் நிற்கும் ஷாலினி ஞாபகம் வந்தாள்.

அவள் எழுந்து மணலைக் கடந்து ஓடினாள். எதிர்க்கரை ஓரத்து நீரில், கை வலிக்க, விசிலை வீசி எறிந்தாள்.

சத்தமே இல்லாமல் அது முழுகியது.

பின்னாலிருந்து, மிக அருகில், நீர் நிறைந்த தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"டீச்சர்... என்னை எண்ணலியே."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தோப்புக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. "இங்க வேண்டாம். வேற எங்கயும் வேண்டாம். போகலாம்" என்றாள். கிளமெண்ட் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் நனைந்த புடவையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"ஏலாக்குறிச்சி மாதாவைப் பாத்துட்டுப் போவமா? மனசுக்கு நல்லா இருக்கும்."

"வேண்டாங்க. வீட்டுக்குப் போகணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவன் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தான். "என்னடி இது, மூணு பேரு உக்காந்த மாதிரி இழுக்குது. அடிபம்புத் தண்ணியெல்லாம் குடிச்சுட்டியா?"

அவள் அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதுகில் ரவிக்கை குளிர்ந்துகொண்டே வந்தது. யாரோ நனைந்த தலையைச் சாய்த்துக்கொண்டதுபோல.

அரியலூரைத் தாண்டியதும் வண்டி சட்டென்று லேசானது. "ஆங், இப்ப சரியாயிடுச்சு" என்றான் அவன். முதுகின் குளிரும் போய்விட்டது. புஷ்பம் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் அங்கே போகப்போவதில்லை. ஷாலினி போகப்போவதில்லை. எல்லாம் முடிந்தது.

பெரம்பலூரில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வாசற்கதவு திறந்திருந்தது. ஷாலினி சீருடையில், ஸ்கார்ஃபை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, படியருகே நின்றிருந்தாள்.

"பக்கத்து வீட்டுலதானே இருக்கச் சொன்னேன்? சாவி ஏது?"

"அந்த அக்கா வந்து கூப்பிட்டாங்கம்மா. கதவு தெறந்துதான் இருந்துச்சு."

"எந்த அக்கா?"

"நீங்க அனுப்பினதா சொன்னாங்களே! என்னை மாதிரியே யூனிஃபார்ம். முழுக்க நனைஞ்சிருந்தாங்க, பாவம். துண்டு எடுத்துக் குடுத்தேன்." ஷாலினி குரலைத் தாழ்த்தினாள். "வீடு பூரா சுத்திப் பாத்தாங்கம்மா. எடம் நல்லாருக்காம். இங்கயே தங்கிக்கிறாங்களாம்."

"யாருடி அது?" என்று கேட்டுக்கொண்டே கிளமெண்ட் பைக்கை ஸ்டாண்ட் போட்டான்.

புஷ்பம் படியைப் பார்த்தாள்.

கூழாங்கற்களால் ஒரு வட்டம். நடுவில் ஒரு கல். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் சிமெண்டுத் தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"ஷாலினி... இதை நீ வச்சியா?"

"இல்லம்மா. நான் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? எல்லாரையும் எண்ணிப் பாத்துட்டுத்தானே வைக்கணும்."

வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை. இருட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. குட்டையாக, விட்டு விட்டு, நீர் கொப்பளிக்க. வரிசையில் வந்து நில் என்கிற விசில்.

"கூப்பிடுறாங்கம்மா!" என்று ஷாலினி உள்ளே ஓடினாள்.

"போகாதே!"

கை எட்டுவதற்குள் நீலச் சீருடை இருட்டில் கரைந்துவிட்டது. விசில் நின்றது. உள்ளே குதிகால்கள் சேரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு!" என்று கணீரென்று சொன்னது ஷாலினியின் குரல்.

எங்கோ தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு."