சித்தப்பாவைத் தொடாதே!

போன் அலறியது!

முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு எடுத்தான், 'ஸ்டிக்கர்' என்று ஆபீஸே கூப்பிடும் நம் ஆள். மீதி நுரை போனுக்குப் போனது.

"அண்ணே... சித்தப்பா போயிட்டாரு!"

சமையலறையில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. அடுத்த நொடி அவன் மனைவி எதிரே நின்றாள்.

"ஐயோ! எங்க சித்தப்பாவா? போன வாரம்கூட வந்து நல்லாத்தானே திட்டிட்டுப் போனாரு!"

"உங்க சித்தப்பா இல்ல. என் சித்தப்பா."

"உங்களுக்குத்தான் சித்தப்பாவே கிடையாதே!"

"ஆபீஸ்ல இருக்காரு... டிஸ்க்கு!"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் தம்பியைக் காப்பாத்துங்கன்னு உங்ககிட்ட வந்து அழுதேன் பாருங்க... என்னைச் சொல்லணும்!"

ஸ்டிக்கருக்கு வேலை, ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் சர்வர் பார்ப்பது. பார்ப்பது என்றால் நிஜமாகவே பார்ப்பதுதான். அது ஓடினால் நின்று பார்ப்பான். நின்றுவிட்டால் ஓடிவந்து பார்ப்பான்!

கிடங்கின் கேமராக்கள் காண்பதெல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். பெட்டிக்குள் ஆறு டிஸ்க்குகள். ஆறும் சேர்ந்து ஒரே சேமிப்பு. முதலாளிக்குப் புரிய வேண்டுமே என்று, 'இது ஒரு கூட்டுக் குடும்பம் சார்' என்று ஒருநாள் சொல்லிவைத்தான். சொன்னதோடு விட்டானா? தாத்தா, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை என்று ஆளுக்கொரு பெயரும் வைத்தான். அதே பெயர்களை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தான். அதே பெயர்களை ஸ்டிக்கராக அச்சடித்துப் பெட்டியிலும் ஒட்டினான்.

பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

குடும்பத்தில் ஒருவர் செத்தால் பயமில்லை. அவர் பங்குக் கதையை மற்ற ஐந்து பேரும் சேர்ந்து ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் இரண்டாவது ஆளும் போய்விட்டால்...

பதிவெல்லாம் புகை!

இன்றைக்கு அந்தப் பதிவை நம்பி ஓர் உயிர் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தது.

நேற்று மதியம் ஸ்டோர் கீப்பர், அலமாரிகளுக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தார். அவர் தலையை மடியில் வைத்து, கையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்தான் லாரி டிரைவர். 'சத்தம் கேட்டுத் தூக்கப் போனேன்' என்றான். எவன் நம்புவான்? ஸ்டோர் கீப்பர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. இருக்கும் ஒரே சாட்சி, கேமரா!

'நாளைக்கு நானே வந்து பார்ப்பேன். அதுவரைக்கும் எவனும் பதிவைத் தொடக் கூடாது' என்று சொல்லிவிட்டு, டிரைவரை ஜீப்பில் ஏற்றினார் இன்ஸ்பெக்டர்.

டிரைவர்... ஸ்டிக்கரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி!

நேற்று மாலையே மெஷின் எச்சரித்தது. 'சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை.' அந்தச் செய்தி ஸ்டிக்கரின் போனுக்கு வந்தது. கேமரா ஆபரேட்டரின் போனுக்கு வந்தது. மேனேஜரின் போனுக்கும் வந்தது. ஸ்டிக்கர் புது டிஸ்க் ஒன்றை வாங்கித் தயாராக வைத்திருந்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவனை மனைவி வாசலில் மறித்தாள்.

"என் தம்பி இல்லாம இந்த வாசப்படி ஏறாதீங்க!"

"வெளியவே நிக்கணுமா?"

"உள்ள வாங்க. தட்டுதான் காலியா இருக்கும்!"

* * *

சர்வர் அறை குளிரில் விறைத்தது.

காலையில் போன் செய்த கேமரா ஆபரேட்டர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். கண் இமைக்காமல் திரை பார்ப்பவள் என்பதால் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். அவருக்கும் பக்கத்தில், இந்தக் குளிரிலும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு... மேனேஜர்!

"என்னய்யா, படத்தைப் போடு. பார்த்துட்டுப் போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட முடியாது சார். சித்தப்பா செத்துட்டாரு."

"அடப்பாவமே! லீவு போட வேண்டியதுதானே?"

கழுகு சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். "டிஸ்க் பேரு சார் அது. இது பழைய மெஷின். ஒருத்தர் செத்தா கதவைச் சாத்திக்கும். செத்தவரை உருவிட்டு, புதுசா ஒருத்தரை உட்கார வெச்சாத்தான் வாயைத் திறக்கும்."

"அப்ப உருவுய்யா!"

ஸ்டிக்கர் சட்டைக் கையை மடித்தான். பெட்டியில் ஆறு வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் பளபளவென்று ஒரு பெயர். செத்தவர் யார் என்று காட்ட வேண்டிய சிவப்பு விளக்குகள் எப்போதோ கண்ணை மூடிவிட்டன. மாற்றித் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம், 'அதான் ஸ்டிக்கர் இருக்குல்ல' என்று மேனேஜர் தட்டிக் கழித்துவிட்டார்.

"ஏன்யா... ஆள் மாறி உயிரோட இருக்கிறவரை உருவிட்டா?"

"ரெண்டு சாவு ஆயிடும் சார். எல்லாப் பதிவும் அழிஞ்சிடும். திரும்ப வரவே வராது."

"அப்புறம் உன் மச்சினன்?"

"அவனும் வர மாட்டான் சார்."

"அண்ணே..." கழுகு மெல்ல இழுத்தாள். "எதுக்கும் மெஷினை ஒரு தடவை நிறுத்திட்டு, ஒவ்வொரு டிஸ்க்கோட முதுகுலயும் இருக்கிற பிறவி நம்பரை, அதான் கம்பெனி போட்ட சீரியல் நம்பரை, பார்த்துட்டு உருவலாமே?"

நல்ல யோசனை. அருமையான யோசனை. மூளை உள்ளவன் உடனே ஒப்புக்கொள்வான்.

"என் ஸ்டிக்கர் மேலயே சந்தேகமா உனக்கு?" என்றான் ஸ்டிக்கர்.

"கரெக்ட்!" என்று பாய்ந்தார் மேனேஜர். "அவர் ஒட்டினா ஒட்டினதுதான். இன்ஸ்பெக்டர் சாருக்கு ஆயிரம் வேலை. உருவுங்க ஸ்டிக்கர்!"

மேனேஜர் தன்னைப் பாராட்டுவது இதுவே முதல் தடவை என்பது ஸ்டிக்கருக்கு உறைக்கவில்லை. பாராட்டு என்றால் யாருக்குத்தான் உறைக்கும்?

அவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியட்டும்.

நேற்று எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு இந்த அறையின் கதவு திறந்தது. ஒருவன் உள்ளே வந்தான். பதிவைத் தொடவில்லை. டிஸ்க்கைத் தொடவில்லை. தொட்டால் மாட்டிக்கொள்வானே! நகத்தால் 'சித்தப்பா'வை உரித்தான். 'அத்தை'யை உரித்தான். இடம் மாற்றி ஒட்டினான். போய்விட்டான்.

கொலையை அவன் செய்ய வேண்டியதில்லை. அதற்குத்தான் ஸ்டிக்கர் இருக்கிறானே!

ஸ்டிக்கரின் விரல்கள் 'சித்தப்பா' வாசலுக்குப் போயின...

பிடியை அழுத்தின...

டிஸ்க் முன்னால் நகர்ந்தது...

"அண்ணே, வேணாம்ணே..."

சரக்!

உருவிவிட்டான்!

அறையில் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும். திரை கறுத்தது. கழுகு கண்ணை மூடிக்கொண்டாள். மேனேஜரின் உதட்டோரம் லேசாக, மிக லேசாக, மேலே ஏறியது.

ஸ்டிக்கர் புது டிஸ்க்கைச் செருகினான்.

ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை...

பிப்!

திரையில் ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. 'குடும்பத்தார் நலம். புதியவருக்குக் கதை சொல்கிறார்கள்.'

"வந்துடுச்சு!" கழுகு துள்ளினாள்.

"முடியாது!" மேனேஜர் கத்தினார். "எப்படி வரும்? அவன் உருவினது அத்தையை!"



இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். குனிந்து அந்த வாசலைப் படித்தார்.

"இங்க சித்தப்பான்னுல்ல போட்டிருக்கு?"

"அ... ஆமா சார்..."

"எனக்கு சித்தப்பான்னு தெரியுது. அவனுக்கு சித்தப்பான்னு தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படி சார் அத்தைன்னு தெரிஞ்சுது?"

மேனேஜர் கதவைப் பார்த்தார். கதவருகே, இன்ஸ்பெக்டரோடு வந்த கான்ஸ்டபிளின் தொப்பை அவரைப் பார்த்தது.

"நேத்து மதியப் படத்தைப் போடும்மா!" என்றார் இன்ஸ்பெக்டர் கழுகிடம்.

ஓடியது படம். அலமாரிகளுக்கு நடுவே ஸ்டோர் கீப்பர். நல்ல சரக்குப் பெட்டிகளில் 'பழுது' என்று எழுதித் திருட்டுத்தனமாக வெளியே அனுப்ப வைத்திருந்ததைச் சுட்டிக்காட்டி, யாரையோ தட்டிக் கேட்கிறார். எதிரே நிற்பவர் திரும்புகிறார். கையில் இரும்புக் கம்பி. முகம் பளிச்சென்று தெரிகிறது.

மேனேஜர்!

அடித்துவிட்டு அவர் ஓடி மறைந்த பிறகுதான் டிரைவர் ஓடிவருகிறான். தூக்குகிறான். மடியில் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஆள் கூப்பிட்டுக் கத்துகிறான்.

"பாவிப் பய, உண்மையைத்தான் சொல்லியிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். மேனேஜரின் கையில் விலங்கு ஏறியது.

போகும்போது ஸ்டிக்கரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"பலே ஆளுய்யா நீ! இவன் மாத்தி ஒட்டுவான்னு தெரிஞ்சு, முன்னாடியே நீ மாத்தி வெச்சுப் பொறியில மாட்டிவிட்டுட்டியே! எங்க டிபார்ட்மென்ட்லகூட இந்த மூளை கிடையாது!"

"ஹி... ஹி..." என்றான் ஸ்டிக்கர்.

ஜீப் கிளம்பியது. கழுகு செத்த டிஸ்க்கைத் திருப்பி அதன் முதுகைப் படித்தாள். மெஷினில் இருந்த பெயரோடு ஒத்துப் பார்த்தாள்.

"அண்ணே... இது சித்தப்பாவேதான்."

"அதான் தெரியுமே."

"மேனேஜர் சித்தப்பாவையும் அத்தையையும் மாத்தி ஒட்டின பிறகு சரியா இருக்குன்னா..."

"இருக்குன்னா?"

"அதுக்கு முன்னாடி தப்பா இருந்திருக்கு."

ஸ்டிக்கருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

போன மாதம்! தூசு தட்டுகிறேன் பேர்வழி என்று மெஷினை நிறுத்தி, ஆறு பேரையும் உருவி மேஜையில் பரப்பினான். துடைத்தான். திரும்பச் செருகினான். சித்தப்பாவும் அத்தையும் வாசல் மாறிப் போனார்கள்! மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது பிறவி நம்பரை வைத்து ஆளை அடையாளம் காண்பது. எந்த வாசலில் உட்கார்ந்தாலும் அதற்குச் சித்தப்பா சித்தப்பாதான். ஸ்டிக்கரோ பெயரை ஆளின் நெற்றியில் ஒட்டாமல், வீட்டு வாசலில் ஒட்டியவன். ஆள் மாறிவிட்டார். பலகை அங்கேயே நின்றுவிட்டது!

"பொறி வெச்சீங்களாண்ணே?" கழுகு கண்ணை உருட்டினாள்.

"இந்தாம்மா... மெஷினை நிறுத்திட்டு ஆறு பேரையும் உருவி, டிஸ்க் மேலயே பேரை ஒட்டணும். இன்னைக்கே ஒட்டணும்."

"யாரு ஒட்டுறது?"

"நீதான்!"

* * *

மாலை. காவல் நிலைய வாசல்.

மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு பார்வையைப் புருஷன் மேல் பார்த்தாள். மரியாதை!

"இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் சொன்னாருங்க. நான்தான் உங்களைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேன்!"

டிரைவர் தடாலென்று காலில் விழுந்தான்.

"மாமா! உங்க திறமையாலதான் மாமா நான் வெளிய வந்தேன்!"

ஸ்டிக்கர் அவனைத் தூக்கி நிறுத்தினான். மனைவிக்குக் கேட்காதபடி காதருகே குனிந்தான்.

"சத்தமா சொல்லாத மச்சான்... நான் மட்டும் திறமையா வேலை பார்த்திருந்தேன்னா, நீ ஆயுசுக்கும் உள்ளதான்!"