ஒஸ்லோவில் வழுக்கிய சொல்

தண்டபாணிக்குப் பனியைப் பிடிக்காது. பனிக்கும் அவனைப் பிடிக்கவில்லை.

நார்வேயின் இன்னொரு மூலையான ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து இறங்கிய அன்று மத்தியானமே, தேவாலயத்துக்குப் பக்கத்து மைதானத்தில், ட்ராம் தண்டவாளத்தின் மேல் கால் வழுக்கியது. விழுகிறவன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். அவனுக்கு அகப்பட்டது ஒரு சிவப்புக் கம்பளிச் சால்வையின் நுனி. மறு நுனியில் ஒரு பெண் இருந்தாள்.

இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அவன் பை வாயைத் திறந்தது. சாக்லேட், குழந்தைகளின் தொப்பிகள், நார்வேக்காரர்கள் எல்லாக் கடையிலும் விற்கும் பெரிய மூக்குப் பூத பொம்மை... எல்லாம் ஐஸ் மேல் உருண்டு ஓடின.

"கெதியா எழும்பு, ட்ராம் வருது," என்று இன்னொருத்தி கத்தினாள்.

தமிழ். ஆனால் கெதியா? அவன் ஊரில் கெதி என்றால் நாசமாய்ப் போன நிலைமை. அவன் நிலைமையும் அதுதான். ட்ராம் மணி அடித்ததும் சீக்கிரம் என்ற அர்த்தம் தானாகவே விளங்கியது. எழுந்து, அவளையும் இழுத்துவிட்டு, பொம்மையையும் பொறுக்கிக்கொண்டு ஓடினான்.

அவள் சால்வையை உதறினாள். அவனுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தோழியிடம் சொன்னாள்.

"இந்த மனுசனுக்கு வடிவாப் பாத்து நடக்கேலாதோ?"

"வடிவா பாத்ததாலதாங்க விழுந்தேன்," என்றான் தண்டபாணி.

அவன் வாய்க்கு அது கெட்ட பழக்கம். மூளையைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும். அவள் வடிவா என்றது நன்றாக என்ற பொருளில்; அவன் ஊரில் வடிவு என்றால் அழகு. உண்மையில் அவன் பார்த்துக்கொண்டு வந்தது ஒரு கடை ஜன்னலில் தொங்கிய பாதி விலைப் பலகையை.

ஆனால் இப்போது பார்த்தான். இமைகளில் பனித்துகள் ஒட்டியிருந்தது. அவள் கண்ணைக் கொட்டியபோது அது கரைந்து, கறுத்த கண்களின் ஓரத்தில் ஒரு நொடி நின்று, வழிந்தது. அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்தத் துளியைத் துடைத்துவிட வேண்டும் போல் கை பரபரத்தது... கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"தமிழோ?" என்றாள்.

"உடுமலைப்பேட்டைங்க."

"நான் பாகிஸ்தான் ஆள் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள் தோழி. அவள் பெயர் இமெல்டா. பேர்கனிலிருந்து ஊர் சுற்றவும் சாமான் வாங்கவும் வந்திருந்தாள். சால்வைக்காரி சோபிகா. ஒஸ்லோவின் ஓரத்தில், அம்மருட்டில், அப்பா அம்மாவோடு இருந்தாள். பல் வைத்தியப் படிப்பில் கடைசி வருஷம்.

"உங்கட பேர்?"

"தண்டபாணி."

சோபிகா உதட்டைக் கடித்தாள். "அது முருகன்ரை பேரெல்லே. அவர் கையிலை தடி வச்சிருப்பாரே... உங்கட தடி எங்கை?"

"தடி இருந்தா ஏனுங்க விழறேன்?"

அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

பொம்மையின் மூக்கு உடைந்திருந்தது. அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் போட்டாள். "பல்லு ஒட்டுற பசை இருக்கு. ஒட்டித் தாறன். முதல் உங்களுக்கு ஆணி வாங்கோணும், வாங்கோ."

அவள் சொன்ன ஆணி, சப்பாத்துக்கு அடியில் ரப்பரால் மாட்டிக்கொள்கிற இரும்புப் பல். அந்த ஊரில் கிழவிகள்கூட அதை மாட்டிக்கொண்டு ஐஸ் மேல் ஓடுவார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் வாத்து மாதிரி நடந்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கடையில் அவள் குனிந்து அதைச் சரியாக மாட்டச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பிடியின்றி நாலடி நடந்து காட்டினான். இமெல்டா கைதட்டினாள்.

பிறகு சூடான கொக்கோ. அவன் தன் கதையைச் சொன்னான். ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் வேலை. ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லப் போறீங்கள்?"

"போறேன்னுதாங்க. இந்தக் குளிர்ல மனுஷன் இருப்பானா?"

"நான் நாலு வயசிலையிருந்து இஞ்சைதான் இருக்கிறன். அப்ப நான் மனுசி இல்லையோ?"

அவன் வாயில் இருந்த கொக்கோவை விழுங்கினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடாமல், கண் எடுக்காமல்... என் உதட்டையா பார்க்கிறாள்?

"கீழ் வரிசையிலை, கடைசிக்கு முதல் பல்லு," என்றாள் சோபிகா. "சொத்தை. காட்டுங்கோ ஆரிட்டையும்."

மறுநாள் மூன்று பேரும் பானெயில் ஏறினார்கள். மெட்ரோவுக்கு அங்கே அதுதான் பெயர். நகரத்தை விட்டு மலை ஏறி, பனி மூடிய ஊசியிலைக் காட்டுக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கியது. கீழே ஃபியோர்டு கண்ணாடித் துண்டு மாதிரிக் கிடந்தது. அங்கிருந்து காட்டுப் பாதையில் வளைந்து வளைந்து இறங்குகிற சறுக்கு வண்டி ஓட்டம் ஒன்று இருக்கிறது. வாடகை வண்டி இரண்டுதான் மிச்சம் இருந்தன.

"எனக்குத் தனியா வேணும்," என்று இமெல்டா ஒன்றை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது தோழியைப் பார்த்து ஒரு கண்ணை மூடினாள். நல்ல தோழிகள் அப்படித்தான்.

அவன் முன்னால், அவள் பின்னால். பிரேக் என்பது அவன் குதிகால்தான். வண்டி கிளம்பியது. முதல் வளைவு சுகமாக இருந்தது. இரண்டாவது வளைவில் மரங்கள் ஓட ஆரம்பித்தன.

"ஆறுதலா..." என்றாள் காதுக்குப் பின்னால்.

பாவம், பயந்துவிட்டாள். ஆறுதல் கேட்கிறாள். "ஒண்ணும் ஆகாதுங்க. தைரியமா இருங்க."

வேகம் கூடியது.

"ஆறுதலா, ஆறுதலா எண்டெல்லோ சொல்லுறன்..."

"நான் இருக்கேனுங்க. கண்ணை மூடிக்கங்க. சாமியை நினைச்சுக்கங்க."

"ஹெர்ரெகுட்," என்று அவள் நார்வேக் கடவுளைக் கூப்பிட்டாள். அதற்குள் வண்டி பாதையை விட்டு எகிறி, பனிமேட்டுக்குள் போய்க் குத்தி நின்றது.

அமைதி. ஒரு கிளையிலிருந்து பனி பொலபொலவென்று இருவர் தலையிலும் கொட்டியது.

"ஆறுதலா எண்டா மெதுவா," என்றாள் வாயிலிருந்து பனியைத் துப்பியபடி. "மெதுவாப் போங்கோ எண்டு கத்துறன். நீங்கள் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வாறீங்கள்."

"எங்க ஊர்ல எழவு வீட்டுக்குப் போய்ச் சொல்றதுதாங்க ஆறுதல்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பனியில் மல்லாந்து கிடந்து, சால்வை அவிழ்ந்து, மூக்கு சிவந்து... சிரிப்பு அடங்கும், அவன் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி தொடங்கும். ஒரு பெண் இவ்வளவு நேரம் தன்னால் சிரித்து அவன் பார்த்ததில்லை. திங்கட்கிழமை சொல்ல வைத்திருந்த பதில் எங்கோ அந்தப் பனிமேட்டுக்குள் விழுந்து தொலைந்தது.

திரும்புகிற பானெயில் அவள் முடியில் ஒட்டியிருந்த பனியை அவன் தட்டிவிட்டான். அவளும் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அம்மருட்டில் சோபிகா வீட்டார் இருக்கிற அதே கட்டடத்தில் இருக்கும் ஜெயரத்தினம். சோபிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்குச் சிலைப் பூங்காவிலை, பாலத்தடியிலை," என்று இறங்கும்போது முணுமுணுத்தாள். "மத்தியானம். வருவீங்கள்தானே?"

ஞாயிறு மத்தியானம் அவன் பாலத்தடியில் நின்றான். சவரம் செய்திருந்தான். சொல்ல வேண்டியதை ஹோட்டல் கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்திருந்தான். கண்ணாடி ஒன்றும் மறுக்கவில்லை.

இமெல்டா மட்டும் வந்தாள்.

"அவள் வரேல்லை. வீட்டிலை பேசிப்போட்டினம்."

அவன் ஊரில் வீட்டில் பேசிவிட்டார்கள் என்றால் கல்யாணப் பேச்சுதான். "பேசிட்டாங்களா? எப்ப?"

"நேற்று இரவு. ஜெயரத்தினம் மாமா வந்து என்னவோ சொன்னவர். பிறகு அப்பாதான்... நல்ல வடிவாப் பேசிப்போட்டார்."

"திடீர்னு ஏனுங்க?"

"எப்பவோ ஒருநாள் நடக்கவேண்டியதுதானே."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவள் என்னத்தைச் சொல்லுறது? அவர் கேட்ட எல்லாத்துக்கும் ஓம் எண்டிட்டாள்."

ஓம் என்றால் ஆமாம். அது அவனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"வேறை ஒண்டும் கேக்க இல்லையோ?" என்றாள் இமெல்டா, அவன் முகம் போன போக்கைப் பார்த்து.

"இல்லீங்க. குளிருது. கிளம்பறேன்."

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஆணி மாட்டிய சப்பாத்து, நேராகவே நடந்தான். விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஜெயரத்தினம் மாமா மாப்பிள்ளை கொண்டுவந்தார், அப்பா பேசி முடித்தார், பெண் சரி என்றுவிட்டாள். இதில் உடுமலைப்பேட்டைக்காரனுக்கு என்ன வேலை? சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து, கொக்கோ குடித்த அன்று சோபிகா தந்த எண்ணுக்கு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினான். கேள்விப்பட்டேன். வாழ்த்துக்கள். அப்பா உங்கள் நல்லதுக்குத்தான் பேசியிருப்பார். அவர் பேச்சைக் கேட்டு நடங்கள். நான் நாளைக் காலை ரயிலில் கிளம்புகிறேன்.

பதில் இல்லை. செல்போனை மூஞ்சி குப்புறப் போட்டுவிட்டுப் படுத்தான்.

திங்கட்கிழமை காலை. ஸ்டேஷனில் ஸ்தவாங்கர் ரயில் நடைமேடையில் நின்றது. மேலாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான். போகிறேன்.

சிவப்புச் சால்வை நகரும் படியில் வந்தது. நடந்து வரவில்லை. படை எடுத்து வந்தது.

"உங்கட பூதத்தைத் தர வந்தனான்," என்று பொம்மையை அவன் நெஞ்சில் குத்தினாள் சோபிகா. மூக்கு ஒட்டியிருந்தது, கொஞ்சம் கோணலாக. "வேறை ஒண்டுக்கும் இல்லை."

"தேங்க்ஸுங்க."

"தேங்க்ஸோ? பேச்சு வாங்கினவளுக்கு வாழ்த்துச் சொன்ன முதல் மனுசன் நீங்கள்தான். அப்பா பேசினது நல்லதுக்கோ? கேட்டு நடக்கட்டோ? என்னை வச்சுப் பகிடி விடுறீங்களோ?"

"நான் ஏனுங்க கிண்டல் பண்றேன்? கல்யாணம் பேசினா வாழ்த்துதானே சொல்லணும்?"

"ஆருக்குக் கலியாணம்?"

"உங்களுக்குத்தான். இமெல்டா சொன்னாங்க. வீட்ல பேசிட்டாங்க, நீங்க ஓம்னுட்டீங்கன்னு."

அவள் வாய் திறந்தபடி நின்றது. மெல்ல மெல்ல அந்தக் கண்களுக்குள் ஏதோ ஏறியது. சறுக்கு வண்டி குத்தி நின்றபோது வந்த அதே சிரிப்புதான்.

"ஹெர்ரெகுட்... ஐயோ கடவுளே." அவன் சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "பேசினது எண்டா ஏசினது. திட்டினது. அப்பா என்னைத் திட்டினவர். பானெயிலை ஒரு பெடியனோடை கண்டதெண்டு."

அவன் பொம்மையைப் பார்த்தான். பொம்மை கோண மூக்கோடு அவனைப் பார்த்தது.

"அப்ப மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை."

"அப்ப எதுக்குங்க ஓம் சொன்னீங்க?"

அவள் சிரிப்பு நின்றது. சால்வை நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். இந்த மூன்று நாளில் அவள் தலை குனிந்து அவன் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அப்பா கேட்டவர், ஆர் அவன், தெரிஞ்ச ஆளோ எண்டு. ஓம் எண்டன். இந்தியா ஆளோ எண்டார். ஓம் எண்டன். பிறகு..." சால்வை விரலில் இறுகியது. "அவனிலை விருப்பமோ எண்டு கேட்டார். இல்லை எண்டு சொல்லியிருந்தால் அவ்வளவு பேச்சு விழுந்திராது."

நடைமேடை ஒலிபெருக்கி ஏதோ நார்வே மொழியில் அறிவித்தது. தண்டபாணிக்கு அது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. அவன் வாய் எப்போதும் மூளையைக் கேட்காமல் பேசும். இப்போது பார்த்து ஊமையாகிவிட்டது. அவள் நிமிர்ந்தாள். காத்திருந்தாள்.

"எனக்கும்..." என்றான். "எனக்கும் ஓம்ங்க."

"என்ன எனக்கும் ஓம்? வடிவாச் சொல்லுங்கோ."

"நீங்க பனிக்குள்ள விழுந்து சிரிச்சீங்களே... அப்பவே ஊருக்குப் போற நெனப்பு போயிருச்சு. உங்களைப் பிடிச்சிருக்குங்க. இந்தக் குளிரையும் பிடிக்க வச்சுக்கறேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு ரயில்ல உக்காந்ததும் ஆபீசுக்குச் சொல்லிடறேன். அடுத்த சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசட்டுங்களா?"

"எந்தப் பேச்சு? உங்கட பேச்சோ, எங்கட பேச்சோ?"

"எங்க ஊர்ப் பேச்சுங்க. கல்யாணப் பேச்சு."

"முதல் அவர் எங்கட பேச்சுப் பேசுவார். கேட்டுக்கொண்டு இருக்கோணும்."

"இருக்கேனுங்க. எல்லாத்துக்கும் ஓம்னுடறேன்."

கார்டு விசில் ஊதினான். அவள் எழுந்து, தன் சால்வையைக் கழற்றி அவன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒரு நுனி இன்னும் அவள் கையில் இருந்தது. விட மனமில்லாமல் விட்டாள்.

"அந்தச் சொத்தைப் பல்லைக் காட்டிப்போட்டு வாங்கோ. அப்பாவுக்கு முன்னாலை சிரிக்கோணும்." ரயில் கதவு மூடப்போனது. அவள் கண்கள் நனைந்திருந்தன. இந்தத் தடவை அது பனி இல்லை. "ஆறுதலாப் போட்டு... ஆறுதலா வாங்கோ."

தண்டபாணி படியில் நின்று தலையாட்டினான். இல்லை என்று.

"கெதியா வாறனுங்க," என்றான்.