கழித்தபின் மிஞ்சியது

எதுவும் மிஞ்சக்கூடாத இடத்தில் ஒரு வெள்ளை மிஞ்சியிருந்தது.

அவளுக்கு வேலையே கழித்தல்தான். தொலைநோக்கி நேற்று எடுத்த வானத்திலிருந்து அதே இடத்தின் பழைய படத்தைக் கழிக்க வேண்டும். மாறாதது எல்லாம் சாம்பலாகிவிடும். புதிதாக வந்தது வெள்ளையாக நிற்கும். குறைந்துபோனது கறுப்பாகக் குழியும். அந்த வெள்ளைப் புள்ளிகளில் ஏதாவது ஒன்று, எங்கோ வெடித்துச் செத்த நட்சத்திரமாக இருக்கும். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரே கழித்தலம்மா.

ஆனால் இந்த வெள்ளை வானத்தில் இல்லை. அவள் வீட்டுக் கூடத்தில், செத்துப்போன கணவனின் நாற்காலியில் இருந்தது.

பள்ளி விட்டுத் தனியாக வீடு திரும்பும் மகளைப் பார்த்துக்கொள்ள, கணவன் போன மறுவாரமே கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருந்தாள். தினமும் சாயங்காலம் நாலரைக்கு அது ஒரு படம் எடுத்து அனுப்பும். வானத்துப் படங்களைப் போல அவற்றுக்கும் தேதிதான் பெயர். இன்று கைதவறி அந்த ஃபோல்டரைக் கழிக்கப் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டருக்கு வானம் என்ன, கூடம் என்ன? கேமரா மாட்டிய முதல் நாள் படத்தை வைத்துக்கொண்டு தொண்ணூறு நாளையும் வரிசையாகக் கழித்துக் கொடுத்துவிட்டது.

ஜன்னல் இல்லாத அந்த அறையில், ஏசியின் ஓயாத முனகலும் சூடேறிய தூசியின் வாடையும் சுற்றி நிற்க, அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். காலி நாற்காலியில் வெள்ளை நாளுக்கு நாள் தடித்தது. முதல் நாளிலிருந்தே அதன் காலில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகள் இருந்த இடம் நாளுக்கு நாள் கறுத்தது. இரண்டுக்கும் நடுவே நூல்போல ஒரு வெள்ளைக் கோடு.

மகள் மெலிந்துகொண்டே போவதாக டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பா ஏக்கம் என்றார்கள். இவளும் தலையாட்டினாள். கணவன் செத்தபோதே இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதையும் துக்கம் என்றார்கள்.

“என்ன கழித்தலம்மா, இன்னைக்கு எத்தனை சாவு?”

தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துப் பராமரிக்கிற கண்ணாடி அண்ணன். படத்தை மறைத்து, வெளிச்சத்தின் அளவுகளை மட்டும் காட்டினாள். ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு இறங்கியது.

“ஏறினதும் இறங்கினதும் ஒரே அளவு. இது ஜோடி நட்சத்திரம்மா. ஒண்ணு செத்துப்போச்சு. செத்தது சும்மா கிடக்குமா? பக்கத்துல உயிரோட இருக்கிறதை உறிஞ்சுது.”

“உறிஞ்சி?”

“வயிறு நிறைஞ்சதும் வெடிக்கும். நம்ம ரத்தத்துல இருக்கிற இரும்புல பாதி அப்படிச் சிதறினதுதான்.”

“எப்ப வெடிக்கும் அண்ணா?”

“உன் கோட்டைப் பார்த்தா இன்னைக்கே போல இருக்கு. போய்ப் பொட்டியைக் கட்டு!” சிரித்துக்கொண்டே போனார்.

மணி மூன்றரை. மகள் பள்ளி விட்டு வந்திருப்பாள். வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, குளிருது.”

“நாற்காலியை விட்டுத் தள்ளி உக்காரு கண்ணு.”

“இங்கதான் குளிரல.”

“அம்மா சொல்றேன்ல. தள்ளிப் போ.”

“முடியலம்மா.”

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடுகிறோம் என்று தெரிந்தது. நெஞ்சு மட்டும் படபடக்கவில்லை.

கூடத்தில் ஈர இரும்பின் வாடை. மகள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். தூக்கினாள். மகள் காலிப் புத்தகப்பை போல வந்தாள். தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். நிலைப்படியைத் தாண்டக் கால் எழவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். எழவில்லை.

மகளை மடியில் போட்டுக்கொண்டு வாசலோரமாகவே உட்கார்ந்தாள்.

நாலரை. கேமரா ‘டிக்’ என்றது.

படம் வந்தது. அதில் எல்லாம் சரியாக இருந்தது. காலி நாற்காலி. வாசலோரம் அவள். மடியில் மகள்.

கழித்தாள்.

நாற்காலியில் வெள்ளை விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதன் காலடியில், மகள் வழக்கமாக உட்காரும் இடத்தில், கரிக்கறுப்பு. வாசலோரம் பார்த்தாள். முதல் நாள் படத்தில் அங்கே யாரும் இல்லை. இன்று இரண்டு பேர். புதிதாக வந்தது வெள்ளையாக நிற்க வேண்டும்.

மடியில் மங்கலாக, சின்னதாக ஒரு வெள்ளை. மகளில் மிச்சம் அவ்வளவுதான்.

தான் உட்கார்ந்திருந்த இடம் சாம்பல். வெறும் சுவர். வெறும் தரை.

பயம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. கணவன் செத்த நாளிலிருந்து எதுவுமே வராதது ஏன் என்று இப்போது தெரிந்தது. முதலில் உறிஞ்சி முடித்தது அவளைத்தான்.

மடியில் கிடந்த மகள் கண்ணைத் திறந்து, அவள் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள். “எப்பம்மா வருவ?”

நாற்காலி கிறீச்சிட்டது. வயிறு நிறைந்தவர் கையூன்றி எழுந்திருப்பதுபோல, மெதுவாக.